தூரம் தின்ற வண்டி

கணவாய்ப்பட்டியிலிருந்து ஏழுசுனைக்கு முப்பத்தொரு கிலோமீட்டர் நானூற்று எண்பது மீட்டர் தூரமும் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளும் இருந்த காலத்தில், ஏழுசுனை வீரசின்னு தன்னுடைய ஒன்பது கோவேறு கழுதைகளையும் விற்றுவிட்டு, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற புது மலைவண்டி ஒன்றைக் கரும்பச்சை நிறத்தில் வாங்கி, வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மேலே ஏற்றிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அந்த வண்டி தூரத்தைத் தின்ன ஆரம்பித்தது.

அவள் அதை வாங்கியது வாரத்தில் ஆறு நாள் வேலைக்கு, ஒரு நாள் தனக்கு. ஆறு நாளும் காலையில் சௌசௌ மூட்டை, காப்பிக்கொட்டை, பட்டர் புரூட் கூடை, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று ஏற்றிக்கொண்டு இறங்குவாள். மாலையில் ரேஷன் அரிசி, சிலிண்டர், கோழித்தீவனம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்கள் என்று ஏற்றிக்கொண்டு ஏறுவாள். ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். நாளுக்கு இரண்டு நடை. நடைக்கு மூன்று மணி நேரம். வண்டி எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று முன்னால் ஒரு திரை காட்டும். பின்னால் எடுத்தால் அதே திரையில் பின்பக்கம் தெரியும், பீப் பீப் என்று சத்தமும் வரும். ஐம்பத்துநாலு வயதில் அவளுக்கு அந்த வண்டிமேல் வந்த பிரியத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதிகம் பேசுகிறவள் இல்லை. அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள், ஆனால் எதையும் எண்ணாமல் விடமாட்டாள்.

ஏழாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, வண்டியைக் கழுவித் துடைத்து, லோ கியரில் போட்டு, பாதையே இல்லாத புல்மேட்டில் ஏறி உச்சிப்பாறைக்குப் போவாள். உச்சிப்பாறைக்கு அந்தப் பக்கம் இருட்டோடை என்கிற கிடுகிடு பள்ளம். பள்ளத்துக்கு எதிரே எதிர்மேடு என்கிற பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்பு. அங்கேதான் அவள் தங்கச்சி பவுன்தாய் வாக்கப்பட்டுப் போயிருந்தாள். காக்கா பறந்தால் ஆயிரத்து இருநூறு மீட்டர். மனுசர் போக வேண்டுமென்றால் பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ச்சரிவில் தொற்றி ஏறிப் பதினோரு மணி நேரம் நடக்க வேண்டும். அந்தத் தடமும் நாலு வருசத்துக்கு முன் மண் சரிந்து போய்விட்டது. செல்போன் கோபுரம் எட்டாத இடம். கத்தினால் காற்று சத்தத்தைக் கொண்டுபோய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பவுன்தாய் தன் பக்கத்துப் பாறைமேல் சிவப்புக் கம்பளியை விரிப்பாள்; இவள் இந்தப் பக்கம் மஞ்சள் கம்பளியை விரிப்பாள். நான் நல்லாயிருக்கேன், நீயும் நல்லாயிருக்கியா என்று அர்த்தம். இருபத்தாறு வருசத்தில் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது பதினோரு தடவை.

தூரம் குறைவதை முதலில் கண்டுபிடித்தது வீரசின்னுதான். இரண்டாம் நாளே மீட்டர் கொஞ்சம் குறைத்துக் காட்டியது. டயரில் காற்று கூடியிருக்கும் என்று காற்றைச் சரிபார்த்தாள், சரியாக இருந்தது. மீட்டரில் கடைசி எண் மாறிய இடத்தில் ஒரு கல்லை வைத்து, அங்கிருந்து தன் வீட்டு வாசல் வரை அடி அளந்து பார்த்தாள். எட்டு நாள் அளந்தாள். நடைக்கு ஐம்பது மீட்டர், ஏறினாலும் இறங்கினாலும் ஐம்பது மீட்டர், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்குப் பிறகு வார்டு மெம்பர் சுருளியம்மாளிடம் போய்ச் சொன்னாள்.

"மதினி, ரோடு சுருங்குது."

"மழை பேஞ்சா இறுகும், சின்னு."

"மழை பேயல. வண்டி போகப் போகச் சுருங்குது. வண்டி தின்னுது."

"டீசல் குறையுதா?"

"டீசலும் குறையுது."

"அப்ப ரெண்டையும் சேத்துத் தின்னுது போல. புது வண்டில்ல, பசி இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவரைக்காயை உரிக்கப் போய்விட்டாள்.

ஊர் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. சாலையோரத்து மரங்கள் எங்கேயும் காணாமல் போகவில்லை. பஸ்ஸில் ஒருத்தருக்கு இடம் விட நாலு பேர் ஒடுங்கி உட்காருவதுபோல, அவை ஒன்றையொன்று நெருங்கி நின்றுகொண்டன. பதினாலாம் வளைவு ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது, சனிக்கிழமை இல்லை. அதில் எப்போதும் வாந்தி எடுக்கிற ராசாத்தி அத்தை எங்கே வாந்தி எடுப்பது என்று தெரியாமல் வீடுவரை அடக்கிக்கொண்டே வந்து, வாந்தியே வரவில்லை என்று கண்டு, அன்றைக்கே அந்தப் பழக்கத்தை விட்டாள். மேலே இருந்த பனி கீழே இறங்கி, கணவாய்ப்பட்டிச் சந்தையில் வெங்காயம் விற்கிறவர்கள் காதில் மப்ளர் சுற்றினார்கள். கீழே இருந்த சத்தம் மேலே ஏறி, ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுவது காற்று வாக்கில் கேட்டது. ஏழுசுனையில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள், "நாப்பத்திரெண்டு போயிருச்சு, நம்ம பெரியசாமி மச்சான் நாப்பத்தஞ்சு, இன்னும் மூணு பேரு" என்று பேசிக்கொண்டார்கள்.

அதிகம் பாதிக்கப்பட்டது டீக்கடைக்காரர்கள்தான். செவனாண்டியும் மூக்கையனும் அண்ணன் தம்பி. அப்பா விட்டுப்போன பித்தளைப் பாய்லரைப் பங்கு போடும்போது அண்ணன் பாய்லரை எடுத்துக்கொண்டான், தம்பி குழாயைக் கழற்றிக்கொண்டு போனான். பதினாலு வருசமாக அண்ணன் பாய்லர் ஓட்டையில் துணி அடைத்து அகப்பையால் வெந்நீர் மோந்தான். தம்பி அந்தக் குழாயைச் சாமிபடத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தான். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது என்று ஆறாம் வளைவிலும் ஏழாம் வளைவிலும் கடை போட்டிருந்தார்கள். வண்டி அந்த இரண்டு வளைவுக்கும் நடுவில் இருந்த அத்தனையையும் தின்று, ஒரு காலையில் இரண்டு கடையின் தகரமும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"இது என் வாசல்" என்றான் செவனாண்டி, பதினாலு வருசத்தில் முதல் பேச்சாக.

"நான் ஒன்னும் வரல. வாசல்தான் வந்துச்சு" என்றான் மூக்கையன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் தனித்தனியாக டீ போட்டார்கள். ஆனால் ஒருத்தன் பால் பொங்கும்போது மற்றவன் எட்டி ஊதாமல் இருக்க முடியவில்லை.

இப்படி நாலு வாரத்தில் இருபத்துநாலு நாள், நாற்பத்தெட்டு நடை, இரண்டு கிலோமீட்டர் நானூறு மீட்டர் குறைந்து, சாலை இருபத்தொன்பது கிலோமீட்டர் எண்பது மீட்டராக இருந்தபோது சர்க்காரிடமிருந்து ஒரு காகிதம் வந்தது. கணவாய்ப்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து சாலை வழியாக இருபத்தைந்து கிலோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள மலைக் குடியிருப்புகளைக் கீழே இறக்கி, கணவாய்ப்பட்டிக்கு வெளியே வரிசை வீடுகளில் வைப்பதென்று முடிவாகியிருக்கிறது, முப்பது நாள் கழித்து முப்பத்தோராம் நாள் காலையில் சர்வேயர் சக்கரம் வைத்து அளப்பார், அளவே முடிவு.

சமுதாயக்கூடத்தில் ஊர் கூடியது. வீரசின்னு போக எண்பத்து மூன்று பேர். சுருளியம்மாள் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். ஆளாளுக்குப் பேசினார்கள். வீரசின்னு தூணோரம் உட்கார்ந்து, ஊரை இறக்கினால் உச்சிப்பாறை போய்விடும், உச்சிப்பாறை போனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எதிர்மேட்டில் சிவப்புக் கம்பளி விரிக்கிறவளுக்கு இந்தப் பக்கம் வெறும் பாறைதான் தெரியும் என்று நினைத்தாள். செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வாள். சொல்லி அனுப்பக்கூட வழியில்லை.

"நாலு கிலோமீட்டர் எண்பது மீட்டருக்கு மேல ஒரு அடி குறையணும்" என்று எழுந்து நின்று சொன்னாள். அவள் கூட்டத்தில் பேசியது அதுதான் முதல் தடவை. "நடைக்கு அம்பது. முப்பது நாளும் ஓட்டுனா அறுவது நடை. மூணு கிலோமீட்டர். பத்தாது."

"மூணு ஏத்தம் மூணு எறக்கம் போடு."

"பகல் பத்தாது. இருட்டுனா பதினாறாம் வளைவுல ஆனை நிக்கும்."

"அப்ப என்னதான்டி செய்யச் சொல்ற?"

"ஞாயித்துக்கிழமையும் ஓட்டுறேன்" என்றாள். "மீதிக்கு எங்கயோ கணக்கு இடிக்குது. பாக்குறேன்." பிறகு சுருளியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, மஞ்சள் கம்பளியை அவள் கையில் கொடுத்து, நாலு ஞாயிறும் பத்து மணிக்கு விரிக்க வேண்டும், பத்தரைக்கு முன் மடிக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள்.

அடுத்த பத்து நாளும் இருபது நடை ஓட்டினாள். வளைவுக்கு வளைவு மீட்டரைச் சுழியத்தில் வைத்து, துண்டு துண்டாக அளந்தாள். ஒவ்வொரு துண்டும் குறைந்தது. எல்லாத் துண்டின் குறைவையும் கூட்டினால் நடைக்கு எண்பது வந்தது. மொத்தத்தில் குறைவதோ ஐம்பதுதான். முப்பது மீட்டர் எங்கேயோ திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் அளக்காமல் விட்ட இடம் சாலை முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான்.

அது பதினோராம் வளைவு, வளைவுக்கருப்பு நிற்கிற இடம். அங்கே ஒரு கல்லும் இரண்டு அரிவாளும் உண்டு. மலையில் ஏறுகிற இறங்குகிற எந்த வண்டியும் அங்கே நின்று, மூன்று வண்டி நீளம் பின்னுக்குப் போய், அதன் பிறகுதான் கருப்பைத் தாண்ட வேண்டும். கழுதை காலத்திலும் கழுதையைப் பின்னுக்கு நடத்தித்தான் தாண்டினார்கள். வீரசின்னுவும் நூல் பிசகாமல் அதைச் செய்தாள். வண்டி வந்ததிலிருந்து கருப்பின் இடம் பெருகிக்கொண்டே போனதை எல்லாரும் பார்த்தார்கள். நாலு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற அகலத்தில், இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு, மலையில் எங்கேயும் இல்லாத சமதரை. காப்பிக்கொட்டை காய வைத்தார்கள். வாலிபால் வலை கட்டினார்கள். கருப்பு தன் இடத்தை விரிக்கிறார் என்று கும்பிட்டார்கள். சாமி இடத்தை யாரும் அளக்க மாட்டார்கள். அவளும் அளக்கவில்லை.

பதினோராம் நாள் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அளந்தாள். இரண்டு கிலோமீட்டர் நாற்பது மீட்டர் கூடியிருந்தது. அறுபத்தெட்டு நடை, முப்பது முப்பதாக. வண்டி முன்னால் போனால் தின்கிறது, பின்னால் போனால் கக்குகிறது.

விசயம் தெரிந்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்தது.

"கருப்புக்குப் பின்வாங்காத வண்டி உருண்டுதான் கெடக்கும். எங்கப்பன் காலத்துல ஒரு லாரி..." என்று ஒருத்தர் ஆரம்பித்தார். "உங்கப்பன் காலத்துல லாரியே கிடையாதேப்பா" என்றார் இன்னொருத்தர். கடைசியில் கோடாங்கி நாகமணியைக் கூட்டிவந்து கருப்பிடமே கேட்பது என்று முடிவாயிற்று. நாகமணி உடுக்கையை அடித்து, ஆடி, மூச்சு வாங்க நின்றார்.

"வண்டி எதுக்குடா எனக்குப் பின்வாங்கணும்?" என்றார் கருப்பு, நாகமணியின் வாயால். "வண்டிக்கா பயம் வேணும்? உள்ள உக்காந்திருக்கவனுக்கில்ல வேணும்! வண்டி காலியா முன்னால போகட்டும். மனுசன் எறங்கி மூணு அடி பின்னால நடந்துட்டு, அப்புறம் பின்னாலயே வரட்டும்."

"ஓட்டுறவ, சாமி?" என்று வீரசின்னு கேட்டாள். கணக்கில் எதுவும் விடுபடக் கூடாது.

கருப்பு ஒரு நிமிசம் யோசித்தார். "நீ வீட்டுக்குப் போயி வாசல்ல நடந்துக்க."

அன்றிலிருந்து நடைக்கு எண்பது. பின்னுக்கு எடுக்கிற வேலையே இல்லை. வளைவுகள் எப்படித் திரும்பினாலும் ஒரே ஒடிப்பில் ஒடித்தாள். கருப்பிடம் எல்லாரும் இறங்கி, மூட்டை முடிச்சோடு, கோழிக்கூடையோடு, பத்திய உடம்போடு, மூன்று அடி பின்னால் நடந்தார்கள். அவள் வீட்டு வாசலில் தினமும் சாயங்காலம் தனியாக ஆறு அடி பின்னால் நடந்தாள், இரண்டு நடைக்கும் சேர்த்து. இருபத்தெட்டு கிலோமீட்டர் எண்பது மீட்டரிலிருந்து இருபது நாளில் நாற்பது நடை ஓட்டினால் இருபத்துநாலு கிலோமீட்டர் எண்ணூற்று எண்பது. போதும். நூற்று இருபது மீட்டர் மிச்சமும் கிடைக்கும்.

ஆனால் இருபத்து மூன்றாம் நாள் ஆறாம் வளைவில் ஒரு நாவல் மரம் முறிந்து குறுக்கே விழுந்தது. செவனாண்டி ரம்பத்தின் ஒரு பக்கம் பிடித்தான். இன்னொரு பக்கம் பிடிக்க ஆள் வரும்வரை காத்திருக்க முடியாமல் மூக்கையனே பிடித்தான். அறுத்து முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. இரண்டு நடை போயிற்று. நூற்று அறுபது மீட்டர்.

முப்பதாம் நாள் சாயங்காலம் அவள் வண்டியிலேயே சர்வேயர் திருவேங்கடமும் அளவுச் சங்கிலி பிடிக்கிற இரண்டு ஆட்களும் மேலே வந்து, பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். திருவேங்கடம் ஒல்லியான மனுசர், உப்பில்லாமல் சாப்பிடுகிறவர், ஒரு விரற்கடை பிசகினாலும் திரும்ப அளக்கிறவர். கருப்பிடம் எல்லாரும் இறங்கினபோது அவர் தலைவலி என்று வண்டியிலேயே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவரை யாரும் எழுப்பவில்லை.

வீட்டுக்கு வந்து வீரசின்னு வாசலில் ஆறு அடி பின்னால் நடந்தாள். பிறகு கணக்குப் போட்டாள். இருபத்தைந்து கிலோமீட்டர் நாற்பது மீட்டர். நாற்பத்தொரு மீட்டர் வேண்டும். விடிந்ததும் அளவு ஆரம்பமாகிவிடும். அளந்து முடித்த பாதையை வண்டி தின்றாலும் பிரயோசனமில்லை. அவர்களுக்கு முன்னால் இருக்கிற பாதையைத் தின்ன வேண்டும். காலையில் அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் மூட்டையேற்றிக்கொண்டு இறங்கிவிட்டால் எண்பதும் கிடைக்கும்.

காலையில் ஆறு மணிக்கு வண்டியை எடுக்கப் போனாள். திருவேங்கடம் சக்கரத்தோடு பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, வண்டி எங்களுக்குப் பின்னாலயே வரட்டும். எனக்கு மூட்டு வலி. யாருக்காவது முடியலன்னா ஏறிக்கணும்."

"சார், கீழ லோடு..."

"இன்னைக்கு ஒரு நாள் லோடு இருக்கட்டும்மா. முன்னால வண்டி போனா தூசி பறக்கும், சக்கரத்துல எண்ணு தெரியாது."

சுருளியம்மாள், "சாருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பச்சமொளகா இல்ல, சின்னு முன்னால போயி..." என்று ஆரம்பித்தாள். "எனக்குக் காரம் ஆகாதும்மா" என்றார் திருவேங்கடம். "மோருக்கு உப்பு." "உப்பும் ஆகாது." "உக்கார நாற்காலி?" "உக்காந்தா எந்திரிக்க முடியாது." அந்த மனுசருக்கு இந்த உலகத்தில் எதுவுமே தேவைப்படவில்லை.

சக்கரம் உருண்டது. டிக் டிக் என்று மீட்டருக்கு ஒரு சத்தம். அதற்குப் பின்னால் இரண்டு சங்கிலி ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் கரும்பச்சை வண்டி, முதல் கியரில், மாடு மேய்கிற வேகத்தில். வண்டிக்குப் பின்னால் எண்பத்து மூன்று பேரும் நடந்தார்கள். சாலை ஒரு வண்டி அகலம்தான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். முந்த வழியே இல்லை. வண்டி தின்றது, அளந்து முடித்த பாதையைத் தின்றது. வீரசின்னு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டு வந்தாள். எண்பதில் கருப்புக்கு மேலே முப்பத்து மூன்று, கருப்புக்குக் கீழே நாற்பத்தேழு. இது முப்பத்தெட்டு நடையில் அளந்து வைத்த கணக்கு. கருப்பிலிருந்து முந்திப் போனால் நாற்பத்தேழு கிடைக்கும். கருப்பைத் தாண்டிவிட்டால் கடைசிவரை பின்னால்தான்.

பதினோரு மணிக்குச் சக்கரம் கருப்பின் கல் நிற்கிற சமதரையின் கீழ்க்கோடிக்கு வந்து சேர்ந்தது. பத்து கிலோமீட்டர் இருநூறு என்று காட்டியது. மலைப்பாதை முழுவதிலும் இரண்டு வண்டி ஒதுங்குகிற இடம் அது ஒன்றுதான். அவளே அறுபத்தெட்டு தடவை பின்னுக்கு எடுத்து விரித்த இடம். கூட்டம் நின்றது. திருவேங்கடம் நிற்கவில்லை.

"சார்" என்றார் மூத்த சங்கிலி ஆள் தங்கையா. "இங்க நின்னு மூணு அடி பின்னால போகணும்."

"பின்னால போனா எண்ணு குறையும்யா. அளவு கெட்டுரும்."

"சக்கரத்த வச்சுட்டு நாம மட்டும் போவோம் சார்."

"வேலை நேரத்துல என்னய்யா இது?"

வீரசின்னு வண்டியை விட்டு இறங்கி வந்தாள். பொய் சொல்லத் தெரியாதவள், அதனால் உள்ளதைச் சொன்னாள்.

"சார், நேத்து வரும்போது நீங்க தூங்கிட்டீங்க. நாங்க எழுப்பல. இது எண்ணி வச்சிருக்க விசயம் சார். எல்லாரும் அவங்கவங்க அடிய நடந்துட்டாங்க. ஒங்களுது மூணு அடி பாக்கி நிக்குது."

திருவேங்கடம் அவளைப் பார்த்தார். பாக்கி என்கிற வார்த்தை அவருக்குப் பிடிக்காது. அதை வைத்துக்கொண்டு அவரால் தூங்க முடியாது. கருப்பைப் பார்த்தார். சக்கரத்தைப் பதமாகத் தரையில் சாய்த்து, அது நின்ற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார்.

"நேத்து மூணு, இன்னைக்கு மூணு. ஆறா?"

"ஆறு சார்."

"வண்டி?"

"வண்டி காலியா முன்னால போயிரும் சார். மனுசர் பின்னால வரணும். அதான் மொற."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மூட்டைப் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி ஆறு அடி பின்னால் நடந்தார். அவரோடு சங்கிலி ஆட்களும், எண்பத்து மூன்று பேரும் நடந்தார்கள். அந்தச் சமதரையில், காய்ந்துகொண்டிருந்த காப்பிக்கொட்டைக்கும் வாலிபால் வலைக்கும் நடுவில், வீரசின்னு மட்டும் ஏறி ஓட்ட, கரும்பச்சை வண்டி காலியாக, சத்தமில்லாமல் அவர்களைத் தாண்டி முன்னால் போயிற்று.

திருவேங்கடம் நிமிர்ந்து பார்த்தபோது அது அடுத்த வளைவின் ஒற்றைத் தடத்துக்குள் மூக்கை நுழைத்திருந்தது. அவர் உரக்கக் கேட்டார்: "இனி எப்படிம்மா பின்னால வருவே?"

"வர முடியாது சார். ரோடு அகலம் இல்ல."

"சரி, போ. தூசி அடங்கினதுக்கு அப்புறம் வர்றேன். கீழ டீ இருந்தா சக்கர இல்லாம போடச் சொல்லு."

அவள் போனாள். லோ கியர் இல்லை, தயக்கம் இல்லை, பத்தாம் வளைவு, ஒன்பதாம் வளைவு, எட்டாம் வளைவு என்று ஒரே ஒடிப்பில் ஒடித்து, வழியில் டீக்கடை முன்னால் மட்டும் வேகத்தைக் குறைத்து, "ஒரு டீ, சக்கர இல்லாம, பின்னால வர்றாரு!" என்று கத்திவிட்டு, கணவாய்ப்பட்டி ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று இஞ்சினை அணைத்தாள். டீக்கடையில் ஒரு சங்கடம் வந்தது: சர்வேயருக்குக் கொடுக்கிற ஒரு டீயை யார் போடுவது? செவனாண்டி பாய்லரைப் பார்த்தான். மூக்கையன் எழுந்துபோய்ச் சாமிபடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, பாய்லரில் திருகினான். பதினாலு வருசம் கழித்து அந்தப் பாய்லர் ஒழுங்காக வெந்நீர் விட்டது. திருவேங்கடம் அந்த டீயைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குச் சக்கரம் ஆஸ்பத்திரிப் படியில் முட்டி நின்றது. திருவேங்கடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். தங்கையாவைப் படிக்கச் சொன்னார். தாமும் மறுபடி படித்தார்.

"இருபத்துநாலு கிலோமீட்டர் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்து மூணு மீட்டர்."

சுருளியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு வீரசின்னுவைப் பார்த்தாள்.

"ஏழு மீட்டர் குறையுது" என்றார் திருவேங்கடம். "குறைஞ்சா குறைஞ்சதுதான். இந்த ஊர இறக்க முடியாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எண்பத்து மூன்று பேரும் கூச்சல் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. அறுபத்தொன்றாம் நம்பர்க்காரர் தன் முறையைத் தவறவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீரசின்னு வண்டியைக் கழுவித் துடைத்தாள். உச்சிப்பாறைக்கு ஓட்டிப்போனாள். ஊரும் பின்னாலேயே வந்தது. பத்து மணிக்கு எதிர்மேட்டில் சிவப்புக் கம்பளி விரிந்தது. சுருளியம்மாள் மஞ்சள் கம்பளியை எடுத்தாள்.

"வேண்டாம் மதினி" என்றாள் வீரசின்னு.

வண்டியைத் திருப்பி, பின்பக்கத்தைப் பள்ளத்துக்குக் காட்டி நிறுத்தினாள். என்ன செய்யப் போகிறாள் என்று எல்லாருக்கும் புரிந்தது.

"டீசல் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள் சுருளியம்மாள்.

"ரொப்பியிருக்கேன்."

ரிவர்ஸ் போட்டாள். பீப் பீப் என்று சத்தம் வந்தது. திரையில் பின்பக்கம் தெரிந்தது: பாறை விளிம்பு, அதற்கு அப்பால் வெறும் காற்று. பின் சக்கரம் விளிம்பைத் தாண்டியது. தாண்டின இடத்தில் சாலை வந்தது. இன்னும் தாண்டியது, இன்னும் வந்தது. தின்ற தூரமெல்லாம் சக்கரத்துக்கு அடியிலிருந்து சுருள் பிரிந்து பிரிந்து, பழைய தார்த்திட்டோடும் குழியோடும் வந்தது. ஒரு மைல்கல் வந்தது, அதன் எண் தலைகீழாக இருந்தது. காணாமல் போன பதினாலாம் வளைவு வந்து அந்தரத்தில் ஒரு ஒடிப்பு ஒடித்தது. ஒரு சிறு பாலமும் அதன் தண்ணீரும் வந்தன. ராசாத்தி அத்தை பல தடவை வாந்தி எடுத்த இடம் வந்தது, அதைப் பார்த்து அத்தை வெட்கப்பட்டாள். செவனாண்டியின் ஒற்றைச் செருப்பு வந்தது. வீரசின்னு கீழே பார்க்கவில்லை. திரையை மட்டும் பார்த்தாள். திரையில் சிவப்பு முதலில் ஒரு புள்ளியாக இருந்தது, பிறகு உள்ளங்கை அளவானது, பிறகு கம்பளி அளவானது, பிறகு கம்பளிக்குப் பக்கத்தில் நரைத்த தலையோடு ஒருத்தி இடுப்பில் கை வைத்து நிற்பது தெரிந்தது.

ஆயிரத்து எண்ணூறு மீட்டரில் பின் சக்கரம் எதிர்மேட்டுப் பாறையில் ஏறி நின்றது. இஞ்சினை அணைத்தாள். பீப் சத்தம் நின்றது.

"ஏன்க்கா" என்றாள் பவுன்தாய். குரல் உடைந்திருந்தது, ஆனால் நாக்கு உடையவில்லை. "இத்தன வருசம் கழிச்சு வர்றவ, முதுகக் காட்டிக்கிட்டா வருவே? எறங்கி மூஞ்சியக் காட்டு."

வீரசின்னு இறங்கி முகத்தைக் காட்டினாள். பன்னிரண்டாவது தடவை.

சிவப்புக் கம்பளியில் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிர்மேட்டின் பன்னிரண்டு வீட்டு ஆட்களும், வண்டிக்குப் பின்னால் நடந்து வந்த ஏழுசுனைக்காரர்களும் அவரவர் சொந்தக்காரர்களைத் தேடிப் போய்விட்டார்கள். பவுன்தாய் காப்பி கொண்டுவந்தாள்.

"போகும்போது முன்னால போகணும்" என்றாள் வீரசின்னு. "முன்னால போனா இந்த ரோட்டையும் தின்னும். இந்த நீளத்துக்கு நடைக்கு ஆறு மீட்டர் தின்னும்னு நெனைக்கிறேன். வர ஒன்னு, போக ஒன்னு, ஞாயித்துக்கிழமைக்கு பன்னெண்டு. ஆயிரத்து எண்ணூறு தீர நூத்தம்பது ஞாயிறு. அப்புறம் என் வாசலும் உன் வாசலும் ஒட்டிக்கிரும்."

"நூத்தம்பதா?" என்றாள் பவுன்தாய். "வாரத்துல ஏழு நாளும் வந்தா?"

"ஆறு நாள் வண்டிக்கு வேல இருக்கு."

"சரி, ரெண்டு நாள் வந்தா?"

வீரசின்னு காப்பியைக் கீழே வைத்துவிட்டு, எண்ணுவதற்கு வலது கையை விரித்து, கட்டைவிரலை முதல் கணுவில் வைத்தாள். பவுன்தாய் அந்தக் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, தம்ளரை அதற்குள் வைத்தாள்.

"ஆறிப்போகுது" என்றாள். "மொதல்ல குடி."